கூட்டமில்லாத செவ்வாய்

19

கடைசியில் செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. முடிவு செய்தவன் அரிஸ்தோஸ், தலையாட்டியவள் ஸ்மாரோ. மூன்றரை வருஷமாக அந்த வீட்டில் நடப்பது அதுதானே.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்மாரோவின் புருஷன் கோஸ்மாஸ் ஆனோ பெத்ரா என்கிற மலை ஊரில், ஒரு பிப்ரவரியில், உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். அப்போது ஸ்மாரோ ஏதென்ஸில் இருந்தாள். மருமகள் மிர்த்தோவுக்கு ஆபரேஷன், ஒத்தாசைக்கு வந்திருந்தாள். தகவல் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். மலையில் பனி, ரோடு முழுக்கப் பனிச்சறுக்குக் கூட்டம். "இப்போ கிளம்பினா நடு ரோட்டுல மாட்டிக்குவோம்மா, விடியட்டும்" என்றான் மகன் அரிஸ்தோஸ். விடிந்து, கிளம்பி, போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்குக் காப்பியும் கொடுத்து அனுப்பிவிட்டிருந்தாள் நாத்தனார் அஸ்பாசியா. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனின் நெற்றியில் ஸ்மாரோவால் ஒரு தடவை கை வைக்க முடியவில்லை. ஈர மண்ணைப் பார்த்துவிட்டு மகனோடு ஏதென்ஸுக்கே வந்துவிட்டாள்.

ஆனால் அந்த ஊர் வழக்கத்தில் இன்னொரு தடவை உண்டு. மூன்று வருஷம் போனதும் குழியைத் திறப்பார்கள். எலும்புகளை எடுத்து, வீட்டுப் பெண்கள் ஒயினால் கழுவித் துடைத்து, பெட்டியில் அடுக்கி, கோயிலை ஒட்டிய எலும்பறையில் வைப்பார்கள். கல்லறைத் தோட்டம் சின்னது, அடுத்தவருக்கும் படுக்க இடம் வேண்டுமே. அந்தக் கழுவுகிற வேலைக்காகத்தான் ஸ்மாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை அவர்மேல் கை படவேண்டும். வேறு ஒன்றையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அதற்கு நாள் குறிப்பதற்குள்தான் எத்தனை சாக்கு! ஜனவரியில் கேட்டால் பனிச்சறுக்குக் கூட்டம். ஈஸ்டருக்குக் கேட்டால் ஆட்டுக்குட்டி சுட வந்த கூட்டம். மே மாதம் கேட்டால் மழை. ஆகஸ்ட் என்றால் கேட்கவே வேண்டாம், மாதா திருவிழா, ஊருக்குள் ஈ நுழைய இடமிருக்காது. அரிஸ்தோஸ் போனில் மேகப் படத்தைக் காட்டுவான், ரோட்டில் நிற்கிற வண்டிகளின் சிவப்புக் கோட்டைக் காட்டுவான். பிள்ளை நமக்காகத்தானே இவ்வளவு பார்க்கிறான் என்று ஸ்மாரோவும் சும்மா இருந்துவிடுவாள்.

இந்த ஜூனில் மட்டும் அவள் பிடிவாதம் பிடித்தாள். ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் வருகிற பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை ஆத்மாக்களின் சனிக்கிழமை. ஈஸ்டரிலிருந்து வெளியே உலாத்துகிற ஆத்மாக்கள் அன்றோடு திரும்பிப் போய்விடும். அதற்குள் கழுவிவிட வேண்டும் என்றாள்.

"அம்மா, அதுக்கு அடுத்த திங்கள் லீவு. மூணு நாள் சேர்ந்தாப்ல வருது. ஏதென்ஸே மூட்டை கட்டிக்கிட்டு மலைக்குத்தான் ஏறும். ஊருக்குள்ள இருக்கிறது ஒரே தெரு. எதிரெதிரா ரெண்டு பஸ் வந்துட்டா நாம கார்லயே குடித்தனம் பண்ணணும்."

"பண்ணுவோம். உங்கப்பா மூணு வருஷமா மண்ணுக்குள்ள பண்ணலையா?"

"சனிக்கிழமை மத்தியானம் இடி மழைன்னு போட்டிருக்கான். இங்க பாரு."

"நான் உப்பா, கரைஞ்சு போறதுக்கு?"

மிர்த்தோ தட்டுகளை எடுத்துக்கொண்டே குறுக்கே வந்தாள். "அத்தே, உங்க முட்டிய வச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துல எங்க நிப்பீங்க? அவரு சொல்றதைக் கேளுங்க. செவ்வாய்க்கிழமைன்னா எல்லாரும் இறங்கியிருப்பாங்க. வெயிலும் இருக்கு, ரோடும் காலி. நிம்மதியா உங்க கையால பண்ணலாம்."

"செவ்வாய்க்கிழமையா? துருக்கியன்கிட்ட கான்ஸ்டான்டினோபிளே பறிபோன கிழமைடி அது! எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை துணிகூட வெட்ட மாட்டாங்க."

"அது ஐநூறு வருஷத்துக்கு முன்னாடிம்மா" என்று சிரித்தான் அரிஸ்தோஸ்.

"அதுக்கப்புறம் நமக்கு என்னடா நல்லது நடந்துச்சு?"

ஆனால் 'உங்க கையால' என்று மருமகள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் ஸ்மாரோ விழுந்துவிட்டாள். குழி தோண்டுகிற தாசோஸுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றான். அஸ்பாசியாவுக்கு? அவளுக்கும் சொல்லியாயிற்று. இரண்டுக்கும் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு பதில் சொன்னான். அதை அப்போது யார் கவனித்தார்கள்?

சனிக்கிழமை முழுக்க அரிஸ்தோஸ் வீட்டில் இல்லை. அவன் தொழில் ஏ.சி. மாட்டுவது. ஏதென்ஸ் கொளுத்துகிற சமயத்தில் அவன் எங்கே வீடு தங்குவான்? ராத்திரி சட்டை முழுக்க மண் கறையோடு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போனான். பாவம், அலைச்சல் என்று ஸ்மாரோ அவனுக்குச் சூப்பைச் சூடு பண்ணி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். ஸ்மாரோ பின் சீட்டில். மடியில், துண்டு சுற்றிய ஒயின் பாட்டில். பக்கத்தில், அவள் கையாலேயே ஓரம் அடித்த வெள்ளைத் துணி. காலடியில், அவித்த கோதுமையில் சர்க்கரையும் பாதாமும் மாதுளை முத்தும் போட்ட படையல் தட்டு. கல்யாணத்துக்குக்கூட அவள் இவ்வளவு பத்திரமாக எதையும் எடுத்துப் போனதில்லை.

அரிஸ்தோஸ் ஏக உற்சாகத்தில் இருந்தான்.

"பாத்தியாம்மா ரோட்டை? ஒரு ஈ காக்கா இல்ல. இதே சனிக்கிழமையா இருந்தா தீபாய் ஊர்கிட்டயே நின்னுருப்போம். எதையும் பிளான் பண்ணிப் பண்ணணும்."

"சரிடா."

"பதினொண்ணுக்குள்ள போயிடுவோம். ஒரு மணி நேர வேலை. மத்தியானம் இறங்கிட்டா, வர்ற வழியில லிவாதியாவுல சாப்பாடு. மூணு மணிக்கு மேலதான் மழை."

"வீட்டுக்குப் போக வேண்டாமா?"

மிர்த்தோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்ல என்னம்மா இருக்கு? பூட்டிக் கிடக்கு. தண்ணிக் குழாய் வேற உடைஞ்சிருக்கு. ஒட்டடையும் எலியும்தான். பார்த்தா உனக்குத்தான் மனசு கஷ்டம்."

"கஷ்டப்பட்டா என்ன? என் வீடுதானே."

"அடுத்த தடவை. ஆளை விட்டுச் சுத்தம் பண்ணிட்டு நிதானமா வரலாம்."

மிர்த்தோவின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் எடுத்துப் பார்ப்பதும், இரண்டு வரி தட்டுவதும், கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். ஸ்மாரோ கேட்டாள்: "யாரும்மா காலங்காத்தால?"

"ஃபிரெண்டுங்கத்தே. சும்மா."

நல்ல ஃபிரெண்டுகள்தான். லிவாதியா தாண்டுவதற்குள் எட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊருக்குள் நுழையும்போது விருந்து முடிந்த வீடு மாதிரிக் கிடந்தது ஆனோ பெத்ரா. சதுக்கத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் போட்டிருந்தார்கள். குப்பைத் தொட்டிகள் வாய் பிளந்து நின்றன. நீரூற்றின் ஓரத்தில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. வெயில் சுள்ளென்று அடித்தது. மகன் சொன்னபடியே எல்லாம் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கல்லறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ரொட்டி வேண்டும் என்று ஸ்மாரோ காரை நிறுத்தச் சொன்னாள். "நான் வாங்கிட்டு வரேன், நீ உட்காரு" என்றான் அரிஸ்தோஸ். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். ரொட்டிக்கடை மீத்சோஸ் அவளைப் பார்த்ததும் மாவுக் கையோடு வெளியே ஓடி வந்தான்.

"ஸ்மாரோக்கா! கண்ணுலயே படாம போயிட்டீங்களே! ஏதென்ஸ் தண்ணி அவ்வளவு இனிக்குதா?"

"எங்கப்பா இனிக்குது! வரணும்னு கேக்கும்போதெல்லாம் இங்க கூட்டம், கூட்டம்னு சொல்லிட்டாங்க."

"கூட்டம்தான்கா எங்களுக்குச் சோறு போடுது. சனிக்கிழமை பாத்திருக்கணுமே, கால் வைக்க இடமில்ல. உங்க பையன் பாவம், வண்டியைக் கீழப் பாலத்துல போட்டுட்டு வேர்த்து விறுவிறுக்க நடந்தே மேல..."

மீத்சோஸின் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. அரிஸ்தோஸ் வாசலில் நின்றிருந்தான்.

"எந்தச் சனிக்கிழமை?" என்றாள் ஸ்மாரோ.

"அட, அது எந்த வருஷமோ! எனக்கென்ன நினைவு இருக்கு. ஆறு ரொட்டி போதுமாக்கா?"

ரொட்டிப் பையை வாங்கிக்கொண்டு அவள் காரில் ஏறினாள். மகனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்லிவிடுவானே என்று பயமாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போனவள் கோஸ்மாஸின் இடத்துக்கு வந்து நின்றாள். பெயர் பொறித்த சலவைக்கல்லைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். விளக்கு இல்லை, சிலுவை இல்லை. கிளறி, திரும்பச் சமன் பண்ணின மண். மேலே மழைத் தண்ணீர் ஓடின தடம். சனிக்கிழமை மத்தியானம் இடி மழை என்று போட்டிருந்தானே, அது பெய்திருக்கிறது.

பக்கத்துக் கல்மேல் அஸ்பாசியா உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடை, மடியில் கோத்த கை. கோஸ்மாஸுக்கு ஒரே தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். அன்று மட்டும் மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றாள் ஸ்மாரோ.

"வாங்க அண்ணி."

"என்ன இதுன்னு கேட்டேன். அவரு எங்கே?"

அரிஸ்தோஸ் முந்திக்கொண்டான். "அம்மா, நீ முதல்ல உட்காரு. தாசோஸுக்கு வேற நாளே ஒழியலையாம். அதான் அத்தை அவசரத்துல... நான் இப்பத்தான் கேள்விப்படறேன். இல்லையா அத்தே?"

அஸ்பாசியா அவனைப் பார்த்தாள். ஸ்மாரோவின் கையில் துண்டு சுற்றி இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"அத்தே" என்றான் அவன் மறுபடியும்.

"போடா! அப்படித்தான் சொல்லணும்னு காலைலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அண்ணி பச்சப் புள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி அந்தப் பாட்டிலைத் தூக்கிட்டு வர்றாங்க. வாய் வரமாட்டேங்குது எனக்கு. நீ வேற யாரையாவது வச்சுப் பொய் சொல்லிக்கோ."

"அஸ்பாசியா, யாரு திறந்தாங்க?"

"தாசோஸ் திறந்தான். நான் எடுத்தேன். நான் கழுவினேன். சனிக்கிழமை, பாதிரியாரை வச்சு முறையாத்தான் பண்ணினேன். ஆத்மாக்களின் சனிக்கிழமையை விட்டுட்டு என் அண்ணன் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? கூட்டம் இறங்கட்டும்னா? அவரு என்ன காரா ஓட்டப்போறாரு?"

"நான் பொண்டாட்டிடி."

"அது சரி. அடக்கத்தன்னிக்கு எங்க இருந்தீங்க? மண்ணள்ளிப் போட்டவ நான்தானே."

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதும் அவளுக்கே உறைத்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்மாரோ அடிபட்டவள்போல ஓரடி பின்னால் போனாள். பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ சனிக்கிழமை இங்க வந்தே."

அவன் காலடி மண்ணைப் பார்த்தான்.

"அந்தக் கூட்டத்துல, அந்த மழையில, வண்டியப் பாலத்துல விட்டுட்டு நடந்து வந்தே. எனக்கு முட்டி வலிக்கும்னு சொல்லி வீட்ல உக்கார வச்சிட்டு நீ வந்தே."

"யாராவது ஒருத்தர் வீட்டு ஆளுன்னு நிக்கணும்னாங்கம்மா."

"என்ன பண்ணினே நின்னு?"

"துணி பிடிச்சேன்."

"தொட்டியா?"

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன். உங்கப்பாவைத் தொட்டியா?"

"தொட்டேன்மா."

ஸ்மாரோவுக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. மிர்த்தோ பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை ஸ்மாரோ கையால் தள்ளினாள்.

"என்னை அவருகிட்டக் கூட்டிட்டுப் போ" என்றாள் நாத்தனாரிடம்.

எலும்பறை குளிர்ந்து கிடந்தது. தட்டுத் தட்டாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயரும் சின்னப் படமும். கோஸ்மாஸின் பெட்டி புதுசு, வார்னிஷ் வாடை போகவில்லை. அஸ்பாசியா மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஸ்மாரோ உள்ளே எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் சுத்தமாக இருந்தது. மெழுகு நிறத்தில், ஒரு துளி மண் இல்லாமல், கால் எலும்பு கீழே, கை எலும்பு மேலே, முறைப்படி அடுக்கி, தலையை நடுவில் வைத்திருந்தாள் அஸ்பாசியா. ஸ்மாரோ செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் மிச்சம் இல்லை. மூன்றரை வருஷமாக மனசுக்குள் எத்தனை தடவை கழுவிப் பார்த்திருப்பாள்! நெற்றியில் ஆரம்பித்து, பிறகு கை, தச்சு வேலையில் உளி பட்டுக் கோணிப்போன அந்த வலது கைக் கட்டைவிரல்... அதை அவள் தேடினாள். இத்தனை சின்ன எலும்புகளில் எது அவர் கட்டைவிரல் என்று தெரியவில்லை. நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. காய்ந்த ஒயின் வாசம் வந்தது, வேறு யார் வீட்டு ஒயினோ.

"நல்லாத்தான் கழுவியிருக்கே" என்றாள். அதைவிடக் கசப்பாக ஒரு பாராட்டை அஸ்பாசியா கேட்டிருக்க மாட்டாள். அவள் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அண்ணி, சத்தியமாச் சொல்றேன். ஒரு வேகத்துல பேசிட்டேன். நான் உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். ரெண்டு தடவை போன் பண்ணிச் சொன்னேன். அவன்தான் முடியவே முடியாதுன்னுட்டான்."

"ஏன்?"

"வந்தா எங்க தங்க வைக்கிறது? லீவு நாளு, நாலு ரூம்லயும் ஆளு."

"எந்த நாலு ரூம்?"

அஸ்பாசியா அழுகையை நிறுத்தினாள். வாசலில் நின்ற அரிஸ்தோஸையும் மிர்த்தோவையும் பார்த்தாள். மிர்த்தோ வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எந்த வீட்டு ரூம் அஸ்பாசியா?"

"உங்க வீடுதான்" என்றாள் அவள். "வேற எங்க? ரெண்டு வருஷமா வாடகைக்கு விடறாங்க. மிர்த்தோதான் போன்ல ஆள் பிடிச்சு அனுப்பறா. நான் படுக்கை விரிப்புத் துவைச்சுப் போடறேன். உங்களுக்குத் தெரியும், உங்க சம்மதம்தான்னு சொன்னான். நேத்துதான் உண்மையச் சொன்னான், உளறிடாதேன்னு."

ஸ்மாரோ பெட்டி மூடியைத் தானே மூடினாள், சத்தம் வராமல். ஜனவரி, ஈஸ்டர், ஆகஸ்ட் ஒவ்வொன்றாக அவள் மனசுக்குள் வந்து போயின. எப்போதெல்லாம் அவள் போகவேண்டும் என்றாளோ அப்போதெல்லாம் ஊரில் கூட்டம். அந்தக் கூட்டம் படுத்திருந்தது அவள் கட்டிலில். கூட்டத்துக்குப் பயந்து அவளைத் தள்ளிவைக்கவில்லை, கூட்டத்துக்கு இடம் விடத் தள்ளிவைத்தார்கள்.

"பூட்டிக் கிடந்தா வீடு பாழாப் போயிடும்மா" என்று ஆரம்பித்தான் அரிஸ்தோஸ். "கூரையெல்லாம் அதுலதான் மாத்தினேன். உன்கிட்டச் சொன்னா சம்மதிக்க மாட்டே..."

"கேட்டாத்தானேடா சம்மதிக்கலைன்னு சொல்ல முடியும்?"

"மெதுவாச் சொல்லலாம்னுதான்..."

"மெதுவாவா? நான் செத்தப்புறமா? எனக்குக் குழி திறக்கும்போதும் நல்ல வெயில் நாளாப் பாத்து வருவியா? இல்ல, அன்னிக்கும் ரூம் புக்காகியிருக்குமா?"

அவனுக்கு முகம் செத்துவிட்டது. பாவம் பார்க்கத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை.

ஸ்மாரோ கோதுமைத் தட்டையும் ரொட்டிப் பையையும் அஸ்பாசியா கையில் கொடுத்தாள். "பாதிரியாருக்கும் தாசோஸுக்கும் கொடுத்துடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மேல் தெருவைப் பார்த்து நடந்தாள். கார் நின்றது கீழ்ப் பக்கம்.

"அம்மா! கார் இந்தப் பக்கம்! மேகம் கட்டுது, பாரு, மழைக்கு முன்னாடி இறங்கணும்!"

அவள் திரும்பவில்லை. எந்த முட்டியைச் சொல்லி அவளை மூன்று வருஷம் கட்டிப்போட்டார்களோ அந்த முட்டி அந்த மேட்டை ஏறியது. நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்து நின்றாள், அவ்வளவுதான். பின்னால் மிர்த்தோ குதிகால் செருப்போடு தடுக்கித் தடுக்கி ஓடி வந்தாள்.

"அத்தே, கேளுங்கத்தே. இப்போ போகாதீங்க. அவங்க இன்னும் காலி பண்ணல. நமக்குத்தான் அசிங்கம்."

"நமக்கா?"

வீடு நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒட்டடை இல்லை, எலி இல்லை. ஜன்னலுக்கெல்லாம் புது நீல வண்ணம். வாசலில் எண் போட்டுத் திறக்கிற சின்னச் சாவிப் பெட்டி. கோஸ்மாஸ் செய்த மாடிக் கைப்பிடியில் வரிசையாக ஈரத் துண்டுகள். உடைந்த குழாய் என்றானே, உள்ளே யாரோ பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிற சத்தம் தெருவரை கேட்டது.

மாடியில் ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஏதென்ஸ்காரி, நல்லவள் மாதிரித்தான் இருந்தாள். கறுப்பு உடையில் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து எழுந்து குனிந்தாள்.

"சுத்தம் பண்ண வந்தீங்களாம்மா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மத்தியானம் வரைக்கும் எங்களுக்கு டைம் கொடுத்திருக்காங்க. மேல் ரூம் விரிப்புல காப்பி கொட்டிடுச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குத் தனியா ஏதாவது கொடுத்துடறோம்."

மேடு ஏறி வந்த அரிஸ்தோஸ் அதைக் கேட்டு, தெரு நடுவிலேயே நின்றுவிட்டான்.

மேல் ரூம் ஸ்மாரோவின் ரூம். கல்யாணமாகி வந்த அன்று படுத்த ரூம்.

"நிதானமாக் கிளம்புங்கம்மா" என்றாள் ஸ்மாரோ. "எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. நான் சுத்தம் பண்ண வரல, தங்க வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அம்மா, என்ன விளையாட்டு இது? எழுந்திரு. மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரல நீ."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேலே பெரிதாக ஓர் இடி உருண்டது. மழை மகன் சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை.

மிர்த்தோ குனிந்து அவள் காதருகே வந்தாள். குரல் அழுகையில் கரகரத்தது. "அத்தே, நான் பண்ணினது தப்புத்தான். வீட்டுக்குப் போய் என்னைச் செருப்பால அடிங்க. ஆனா இப்போ இங்க உக்காராதீங்க. நாளைக்கு வேற குடும்பம் வருது. வெளியூர்க்காரங்க, ஆறு பேரு, பத்து நாளைக்கு. இனிமே அவங்களை வேண்டாம்னு சொல்ல முடியாது."

"எதுக்குச் சொல்லணும்? வரட்டும்" என்றாள் ஸ்மாரோ. "கதவைத் திறந்துவிட நான் இருக்கேன்ல."